பாம்புக்கு எதிரே உட்காரக் கூடாது

1. தலையணை உறை

போன கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கம்பத்தில் என் கிளினிக்கில் ஒரு பொமரேனியனுக்குக் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஆணும் பெண்ணும் பிளாஸ்டிக் திராட்சைக் கிரேட் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னாலேயே அறுபது வயதில் ஒரு அம்மா, கிரேட்டுக்கு மேல் குடை பிடித்தபடி வந்தார். வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

கிரேட்டுக்குள் பூப்போட்ட தலையணை உறை ஒன்று வாய் கட்டிக் கிடந்தது.

"பூனையா?" என்றேன்.

"பாம்பு, மேடம்" என்றாள் அந்தப் பெண்.

பொமரேனியனின் சொந்தக்காரர் காது இதுவரை சுத்தமானதே போதும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கால்நடை மருத்துவராக முப்பத்தோரு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் நான். பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயேதான் சுற்றினேன். மாடு, ஆடு, கோழி, ஒரு தடவை கோயில் யானை. ரிட்டையர் ஆனபின் வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கப் பிடிக்காமல் கிளினிக் போட்டேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் டாக்டர் பிள்ளைகள் என்னிடம், "மறக்க முடியாத கேஸ் ஒன்று சொல்லுங்கள் மேடம்" என்று கேட்பார்கள். யானையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். யானை கேஸில் சொல்ல ஒன்றுமில்லை. காலில் ஆணி, பிடுங்கினோம், சரியாகிவிட்டது. என்னைத் தண்ணி குடிக்க வைத்தது நூற்றுப் பதினெட்டு கிராம் எடையுள்ள ஒரு குட்டிப் பாம்பு.

"முதலில் பேப்பரைக் காட்டுங்கள்" என்றேன். நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகை என்றால் பதிவு செய்த பேப்பர் வேண்டும். அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரில் போட்டு எல்லாம் வைத்திருந்தாள். பாம்பு ஆப்பிரிக்கச் சின்ன ஜாதி மலைப்பாம்பு. விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துச் சுருண்டு உருண்டை ஆகிவிடும். வயது மூன்று மாதம், பெயர் லட்டு.

அந்தப் பெண்ணின் பெயர் நித்யா. ஊர் ஜெயமங்கலம், மதுரையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். காமயகவுண்டன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கூட வந்தவர் கணவர் பாண்டியராஜன், திராட்சைத் தோட்டக்காரர். குடை பிடித்து வந்தவர் மாமியார் பேச்சியம்மாள்.

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று பாண்டியராஜன் கேட்டிருக்கிறார். நகை வேண்டாம், பாம்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவர் பெங்களூர் போய் முறைப்படி வாங்கி வந்திருக்கிறார். இப்படி ஒரு மாப்பிள்ளையை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

2. ஊசி

மாட்டு டாக்டருக்கு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தீவனம் எடுக்குதா?"

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். "இருவது நாளாச்சு டாக்டரம்மா. பச்சத்தண்ணி பல்லுல படல."

"என்ன குடுத்தீங்க?"

"பாலு வச்சேன், குடிக்கல. முட்ட வச்சேன், தொடல. நாட்டுக்கோழி ஈரல, மஞ்சத்தூளு கூடப் போடாம வச்சேன். ஏறெடுத்துப் பாக்கல. எதுக்கயே உக்காந்துக்கிட்டு, சாப்பிடு சாமி, ஒரு வாய் சாப்பிடு ராசான்னு எம்புட்டுக் கெஞ்சியும் அசைய மாட்டேங்குது."

"சின்ன எலி குடுக்கணும்."

"இவ மதுரையில இருந்து பஸ் பார்சல்ல வெள்ளெலி வரவழைச்சா. ஐஸ் போட்ட எலி. எங்க பிரிட்ஜுல வைக்க விடல நான். மாவு இருக்கு, பூவு இருக்கு, அங்கன எலிய வப்பாகளா? நாறிப் போச்சு." அவர் குரல் இறங்கியது. "வீட்டுக்கு வந்த நாகம் பட்டினியாக் கெடந்து செத்துச்சுன்னா அந்தப் பாவம் எந்தலையிலதேன் விடியும். இந்தா இவளும் அப்படித்தேன். நாலு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. வீட்டுக்கு வந்த ரெண்டும் பட்டினி."

நித்யா சுவரில் மாட்டியிருந்த மாட்டு இனங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாம்பைப் பரிசோதித்தேன். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெல்ல வாயைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூச்சு சீராக இருந்தது. எனக்குத் தெரிந்தவரை ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப ஊசி போடலையா?" என்றார் பேச்சியம்மாள்.

இங்கே நான் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் மாட்டை ஓட்டி வந்தவரிடம் "ஒன்றுமில்லை, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தலையாட்டிவிட்டு நேரே இன்னொரு ஆளிடம் போவார். அந்த ஆள் படித்திருக்க மாட்டான், ஆனால் ஊசி போடுவான். மறுநாள் மாடு தானாகவே சரியாகும், பேர் அவனுக்குப் போகும். அதனால் எங்கள் எல்லோர் பையிலும் பி-காம்ப்ளெக்ஸ் இருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட பி-காம்ப்ளெக்ஸை முல்லையாற்றில் ஊற்றியிருந்தால் ஒரு போகம் விளைந்திருக்கும்.

போட்டேன், ஒரு சொட்டுத்தான். லட்டு தலையை உள்ளே இழுத்து உருண்டையானது. பேச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஊசி போட்டாச்சுல்ல, இனிச் சாப்பிட்டுரும்" என்று சொல்லிக் குடையை விரித்தார்.

3. நித்யா தனியாக வந்தாள்

ஒன்பது நாள் கழித்து நித்யா டவுன் பஸ்ஸில் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல மேடம். முன்னாடி ராத்திரி கொஞ்சம் வெளிய வந்து சுத்தும். ஊசிக்கப்புறம் அதுவும் இல்ல. உருண்டையாவே கெடக்கு."

அப்புறம் வீட்டு நிலவரம் சொன்னாள். நாலடி மீன் தொட்டியில் பாம்பை வைத்து, தொட்டியை ஹாலில் வைத்திருக்கிறார்கள். புதுப் பெண்ணைப் பார்க்கத் தினமும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். காபி குடித்து முடித்ததும் மூடியைத் திறந்து பாம்பையும் காட்டுகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் மாமியாரே திறந்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்.

"புதுசா வந்த குட்டிய ஒரு வாரமாவது யாரும் தொடாம, பாக்காம விடணும் மேடம். அதுக்கு எடம் பழகணும். அப்புறந்தான் திங்கும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? கல்யாணமாகி நாப்பது நாளு. நீ என்ன சொல்றது, நான் பேறுகாலம் பாத்த மாட்டுக்குக் கணக்கில்லைம்பாக அத்தை. டாக்டரு சொன்னாக் கேப்பாகன்னுதான் உங்ககிட்டக் கூட்டிட்டு வந்தேன்." மேஜைமேல் இருந்த ஊசி டப்பாவைப் பார்த்தாள். "நீங்க ஊசி போட்டுட்டீங்க."

என் சர்வீஸில் மேலதிகாரிகள் மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு எம்.எல்.ஏ. என்னை மலைக்கு மாற்றியிருக்கிறார். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

"அமாவாசைக்குள்ள சாப்பிடலைன்னா மலையடிவாரத்துல கொண்டுபோய் விட்ரணும்னு சொல்லிட்டாக அத்தை. எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாக. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"ஆப்பிரிக்காப் பாம்பும்மா அது. மேகமலைக் குளிருல ரெண்டு நாள் தாங்காது. விடுறதும் தப்பு."

"தெரியும் மேடம். லட்டு போற அன்னைக்கு நானும் ஜெயமங்கலம் போயிருவேன். முதமுதலா நான் ஒண்ணு கேட்டு அவுக வாங்கிக் குடுத்தது. அதையே காப்பாத்தத் தெரியாத வீட்டுல நான் எதை நம்பி இருக்குறது?"

அவள் அழவில்லை. பஸ் டைம் சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சென்னையில் என் ஜூனியர் ஒருவர் பாம்பு, ஆமை, கிளி என்றே பிராக்டிஸ் செய்கிறார். நித்யாவை வைத்துக்கொண்டே அவருக்கு ஃபோன் போட்டேன். முழுக்கக் கேட்டார்.

"மேடம், பி-காம்ப்ளெக்ஸா?"

"ஆமாம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மேடம், அதைச் சும்மா விடுங்க. சின்ன டப்பா, இருட்டு, சூடு, ஒளிஞ்சுக்க இடம். அவ்வளவுதான். எடை வாரத்துக்கு ஒரு தடவை போதும். பத்து சதவீதம் குறையிற வரைக்கும் வாயில எதையும் திணிக்காதீங்க. உங்களால சும்மா இருக்க முடியுமா?"

கடைசிக் கேள்வி எனக்கு.

4. திராட்சைக் குடோன்

மறுநாள் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஹாலில் தொட்டிக்கு ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் சாமி அலமாரி. வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பிராணிப் புகை தொட்டி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே பளீரென்று டியூப்லைட். அந்த இடத்தில் என்னை வைத்தால் எனக்கே சோறு இறங்காது.

நான் நிற்கும்போதே வடுகபட்டியிலிருந்து நாலு பேர் விருந்துக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் காபி கொடுத்தார், மருமகளைக் காட்டினார், தொட்டி மூடியைத் தூக்கினார். "இந்தா இங்கனதேன் இருக்கு, பாருங்க. பாவம், ஒண்ணும் திங்க மாட்டேங்குது." நாலு பேரும் குனிந்து, "சாப்பிடு சாமி" என்றார்கள்.

எடை போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு.

சும்மா விடுங்கள் என்று ஒரு டாக்டர் வாயால் சொன்னால் இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் மருந்துச் சீட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். பாம்பு இருக்கும் அறைக்குள் யாரும் போகக் கூடாது. தண்ணீர் மாற்ற நித்யா மட்டும், நாளுக்கு ஒரு தடவை. மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. எதிரே உட்காரக் கூடாது. சாப்பிடு என்று சொல்லக் கூடாது. கீழே கையெழுத்து, சீல்.

பேச்சியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மருந்து?"

"இதுதான் மருந்து."

"ஊசி?"

"போன தடவை போட்டதே இன்னும் வேலை செய்யுது."

இது பொய். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் காலி கிரேட்டுகளை அடுக்கி வைக்கும் சின்ன குடோன் இருந்தது. ஜன்னல் கிடையாது. கிரேட்டுகளை ஓரம் கட்டி, காற்றோட்டத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பேப்பர் விரித்து லட்டுவை வைத்தோம். தேங்காய்ச் சிரட்டை இரண்டு எடுத்து ஓரத்தில் வாசல் மாதிரி வெட்டிக் கவிழ்த்தோம். ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். சூட்டுக்கு நித்யா ஏற்கெனவே வாங்கியிருந்த ஹீட்டிங் பேடு, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு. சுவிட்ச் குடோன் கதவுக்கு வெளியே. சிரட்டைக்குள் நுழைந்த பாம்பு வாலை உள்ளே இழுத்துக்கொண்டது. இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அதை யாராலும் பார்க்க முடியவில்லை.

பேச்சியம்மாள் குடோன் வாசலிலேயே நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. வேலை கொடுக்காவிட்டால் இந்த அம்மா ஒரு மணி நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார் என்று புரிந்தது. டப்பாவுக்குள்ளிருந்து வயர் இழுத்து, சூடு காட்டும் மீட்டரைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினேன். ஒரு நோட்டைக் கொடுத்தேன்.

"காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, இந்த நம்பரை எழுதணும். நீங்கதான் எழுதணும். முக்கியமான வேலை."

அப்போது அதுவும் எனக்குப் பொய்தான். ஆளை உள்ளே விடாமல் நிறுத்த ஒரு சாக்கு.

5. சுவிட்ச்

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஃபோன்.

"டாக்டரம்மா, இந்த நோட்டப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுது. சாயந்திரம் முப்பத்தொண்ணு, காலையில இருவத்தொண்ணு. மறுபடி சாயந்திரம் முப்பத்தொண்ணு, காலையில இருவத்தொண்ணு. நாலு நாளும் அப்படியே இருக்கு."

"கரண்ட் போகுதா?"

"கரண்டு போகல. நாந்தேன் போக்குறேன்." குரல் கம்மியது. "படுக்கப் போகையில வீட்டுல எல்லாச் சுச்சையும் அமத்திட்டுத்தேன் படுப்பேன். கல்யாணமாகி வந்த நாளுல இருந்து பழக்கம். அதுல அந்தச் சுச்சும் ஒண்ணு. விடியக்காலம் எந்திரிச்சு, நோட்டுல எழுதிட்டு மறுபடி போட்டுருவேன். ஹால்ல இருந்தப்பவும் அப்படித்தேன் பண்ணுனேன்."

நித்யா எழுந்து பார்க்கும்போது சுவிட்ச் போட்டிருக்கும், பேடு சுடும். அவளுக்கு எப்படித் தெரியும்? கார்த்திகைக் குளிரில் ஒரு மாதமாக ராத்திரி பூராவும் பாம்பு விறைத்துக் கிடந்திருக்கிறது. உடம்பு குளிர்ந்த பாம்புக்குத் தின்றது செரிக்காது. அதனால் அது தின்னவே தின்னாது. எம்.எஸ்ஸி. படித்தவளும் கண்டுபிடிக்கவில்லை, முப்பத்தோரு வருஷ சர்வீஸ் போட்டவளும் கண்டுபிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த பேச்சியம்மாள் தன் கையெழுத்தில் தன் தப்பைத் தானே பிடித்தார். அதை மறைக்காமல் சொல்லவும் செய்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

"சுவிட்ச் மேல பிளாஸ்திரி ஒட்டிருங்க" என்றேன்.

"ஒட்டியாச்சு. நாலு சுத்து."

இன்னும் ஏழு நாள் அப்படியே விட்டோம். நோட்டில் காலையும் முப்பத்தொன்று, மாலையும் முப்பத்தொன்று.

6. நாலு பேர் பார்க்க

எலி மறுபடியும் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது. அவர்கள் ஃப்ரிட்ஜில் இடமில்லை என்பதால் என் கிளினிக் ஃப்ரீசரில் ஐஸ் பேக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். டிபன் பாக்ஸில் போட்டு மேலே 'லட்டு' என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு மெடிக்கல் ரெப் திறந்து பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் என் கிளினிக் பக்கமே வரவில்லை.

அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கும்போது, பொழுது சாயும் நேரத்தில், முதல் தடவை கொடுத்துப் பார்த்தோம். நித்யா வெந்நீரில் வைத்து எலியைச் சூடாக்கி, நீளமான கிடுக்கியில் பிடித்து, சிரட்டை வாசலில் லேசாக ஆட்டினாள். நாக்கு வெளியே வந்தது. தலை வந்தது. நான் நன்றாகத் தெரியட்டும் என்று டார்ச் அடித்தேன். பாண்டியராஜன் செல்ஃபோனில் வீடியோ எடுத்தார். கதவிடுக்கில் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், தாங்க முடியாமல், "சாப்பிடு சாமி" என்று சொல்லிவிட்டார்.

தலை உள்ளே போய்விட்டது.

சென்னைக்கு ஃபோன் போட்டேன். ஜூனியர் எல்லாம் கேட்டுவிட்டு, "டார்ச் அடிச்சது யாரு மேடம்?" என்றார்.

சொன்னேன்.

"அது காட்டுல தனியா ஒளிஞ்சிருந்து திங்கிற ஜாதி. யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா, தான் இரையாயிருவோமோன்னுதான் அதுக்குத் தோணும். எலிய வச்சுட்டு எல்லாரும் வெளிய வந்துருங்க. நீங்களும்தான் மேடம்."

மறுநாள் எடை நூற்றெட்டு. நூற்றாறுக்குக் கீழே போனால் பத்து சதவீதக் கணக்கு வந்துவிடும். நித்யா தன் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக் கட்டில்மேல் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

7. சாவி

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி போனேன். இருட்டுகிற நேரம். நித்யா எலியைச் சூடாக்கி, சிரட்டை வாசலில் வைத்து, டப்பாவைத் துணியால் மூடிவிட்டு வந்தாள். நான் குடோனைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பேச்சியம்மாள் என் பையையே பார்த்தார். "காலையிலதேன் தெறக்கணுமா?"

"காலையிலதான்."

"அதுவரைக்கும் அது தனியா..."

"தனியாத்தான்."

இனி அவரை வேறு எதிலாவது இழுத்தாக வேண்டும். பசிக்கிறது என்று சொன்னேன். அடுப்படிக்கு ஓடினார். இலை போட்டு, இட்லி வைத்து, எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு இட்லியை முடிக்குமுன் இரண்டு விழுந்தது.

"போதும் பேச்சியம்மா."

"என்னத்தச் சாப்பிட்டீக? வைங்க." கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தார். "நான் எதுக்க உக்காராம இந்த வீட்டுல யாரும் சாப்பிட்டது கெடையாது டாக்டரம்மா. பன்னெண்டு வருசமா."

"அது என்ன பன்னெண்டு வருஷம்?"

"எங்க வீட்டுக்காரரு போயி பன்னெண்டு வருசம். அன்னைக்கு நான் ரேஷன் கடையில நின்னேன். சோத்த மூடி வச்சுட்டுத்தேன் போனேன். போட ஆளில்லைன்னு அப்படியே தோட்டத்துக்குப் போயிட்டாக. மருந்தடிச்சுக்கிட்டு இருக்கையில பந்தலுக்கு அடியிலேயே நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாக. வந்து பாத்தா மூடி வச்ச சோறு மூடுனபடி இருக்கு. வெறும் வயித்தோட போனாக." கரண்டியால் சாம்பார் வாளியைத் தட்டினார். "மூடி வச்ச எதையும் என்னால நம்ப முடியாது."

இந்த அம்மாவைத்தான் நான் இரண்டு வாரமாகச் சாக்குச் சொல்லி ஏய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அன்று பார்த்தேன். பேச்சியம்மாள் என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டதால் அடுப்படியில் நித்யா ஒருத்திதான் இருந்தாள். அடுப்பை ஒட்டி நின்றபடி, செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டு, ஆறு இட்லி சாப்பிட்டாள். பாத்திரத்தை எடுக்க உள்ளே போன பேச்சியம்மாள் காலியான இட்லித் தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். எடுக்கப் போன பாத்திரத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குப் பாண்டியராஜன் பைக்கில் கம்பம் வந்து என்னையும் சாவியையும் ஏற்றிக்கொண்டு போனார். குடோன் வாசலில் மாமியாரும் மருமகளும் நின்றார்கள். பூட்டைத் திறந்தேன். நித்யா மட்டும் உள்ளே போனாள்.

எலி இல்லை. சிரட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். நடு உடம்பில் ஒரு புடைப்போடு லட்டு படுத்திருந்தது.

"சாப்பிட்டுருச்சு அத்தை."

பேச்சியம்மாள் உள்ளே வரவில்லை. சீட்டில் எழுதியிருந்ததை அப்போதும் மீறவில்லை. வெளியே கிடந்த காலி கிரேட்டின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமாகவே அழுதார். பாண்டியராஜன் பதறி, "ஏம்மா, சாப்பிட்டுருச்சும்மா" என்றார்.

"தெரியும்லே. அதுக்குத்தேன் அழுகுறேன்."

நித்யா வெளியே வந்து அவர் பக்கத்துக் கிரேட்டில் உட்கார்ந்தாள்.

8. கடைசியாக ஒரு சாப்பாடு

சித்திரையில் அந்த வீட்டு மாடு கன்று போடத் திணறியது. போய் எடுத்துவிட்டேன். கிடேரிக் கன்று. கை கழுவி வந்ததும், "சாப்பிடாமப் போகக் கூடாது" என்றார் பேச்சியம்மாள். லட்டு இருநூறு கிராமைத் தாண்டிவிட்டது, வாரம் ஒரு எலி. நித்யா ஜெயமங்கலம் போனாள், ஆனால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்கு. நான் கன்று எடுக்கப் போன அன்று அவளும் பாண்டியராஜனும் தோட்டத்தில் இருந்தார்கள்.

பேச்சியம்மாள் தட்டில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் வைத்தார். தண்ணீர் வைத்தார். நான் உட்கார்ந்ததும் எழுந்தார்.

"நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க டாக்டரம்மா. நான் அங்கன மாட்டுகிட்ட இருக்கேன். எதுக்க உக்காந்து தொந்தரவு பண்ணல." பெருமையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தை விட்டவருக்கு அந்தப் பெருமை இருக்கலாம்.

எனக்கு எதிரே வெறும் சுவர். இந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தோரு வருஷம் எத்தனையோ வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வீட்டில்கூட என்னைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை. "என்னம்மா சாப்பிடுறீக, இன்னும் கொஞ்சம்" என்று எதிரே ஒரு ஆள் இருக்கும். ஐயோ போதும் என்று சலித்துக்கொள்வேன். என் கணவர் இறந்தபின் வீட்டில் தினமும் இப்படித்தான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இரண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

புதிதாக வரும் டாக்டர் பிள்ளைகளுக்கு இந்தக் கேஸிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான். தீவனம் எடுக்கவில்லை என்று ஒரு உயிரைக் கொண்டுவந்தால், என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது சாப்பிடும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆள் இருந்தால் இறங்காத ஜாதி உண்டு. ஆள் இல்லாவிட்டால் இறங்காத ஜாதியும் உண்டு. எது எந்த ஜாதி என்று தெரியாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

அன்று நான் தட்டைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"பேச்சியம்மா, இங்கன வந்து உக்காருங்க."

"எதுக்கு டாக்டரம்மா?"

"குழம்பு பத்தல."

தட்டு நிறையக் குழம்பு இருந்தது. வந்து பார்த்தார். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கரண்டியை எடுத்தார்.